மீனுக்கு முன்னால் தண்ணீரைப் பாருங்கள்: விலையுயர்ந்த வண்ணமீன் வாங்குவோர் செய்யும் தவறுகள்

"அண்ணாச்சி, ஜங்ஷன் பக்கம் ஒரு ஃபிளவர்ஹார்ன் பார்த்தேன். எட்டாயிரம் சொல்லுதாவ. வாங்கலாமா?"

ஃபிளவர்ஹார்ன் என்பது தலையில் கொண்டை புடைத்த வண்ணமீன். மாதம் ஒருவராவது என்னிடம் இப்படிக் கேட்டுவிடுகிறார். பாளையங்கோட்டையில் 18 வருஷமாகத் தொட்டி வைத்திருக்கிறேன். மீன் விற்பது கிடையாது, வளர்ப்பது மட்டும்தான். கேட்கிறவரிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "வீட்டுக்கு என்ன தண்ணி வருது தம்பி, ஆத்துத் தண்ணியா, போர் தண்ணியா?" மீனைப் பற்றிக் கேட்டால் தண்ணீரைப் பற்றிப் பேசுகிறாரே என்று பாதிப் பேர் முகம் சுளிப்பார்கள். ஆனால் அந்த எட்டாயிரம் தகுமா தகாதா என்பதற்கு விடை அங்கேதான் இருக்கிறது.

முதலில், விலை எதனால் ஏறுகிறது என்று பார்த்துவிடலாம். குஞ்சு பொரிக்க வைப்பது கடினமான இனமாக இருக்கலாம். வளர்ந்து நிறம் பிடிக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆகலாம். நம் ஊர்க் கடைகளுக்கு வருபவற்றில் பெரும்பகுதி சென்னை கொளத்தூர்ப் பக்கத்துச் சரக்கு. ஆக்சிஜன் அடைத்த பாலித்தீன் பையில், தெர்மாகோல் பெட்டிக்குள், 600 கிலோமீட்டருக்கு மேல் ராத்திரிப் பயணம் செய்து வருகிறது. வழியில் செத்ததின் நஷ்டமும் உயிரோடு வந்து சேர்ந்ததின் தலையில்தான் ஏறும். அதற்கு மேலே 'கிரேடு': கொண்டை எவ்வளவு, சிவப்பு எவ்வளவு, துடுப்பு கிழியாமல் இருக்கிறதா என்பது. இத்தனைக்கும் சேர்த்துத்தான் காசு. மீன் எத்தனை நாள் உயிரோடு இருக்கும் என்பது அந்த விலைக்குள் அடங்காது. அதைத் தீர்மானிப்பது வாங்கிப் போகிறவர் வீடு.

பெரிய தவறிலிருந்து தொடங்குகிறேன், நானே செய்தது அது. 2009-ல் ஒரு சனிக்கிழமை, புதுத் தொட்டியையும் 3,500 ரூபாய் ஃபிளவர்ஹார்னையும் ஒரே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேன். "தண்ணியை ஊத்தி ஆன்டி குளோரின் நாலு சொட்டு விட்டா போதும், மீனை விட்டுரலாம்" என்று கடையில் சொன்னார்கள். விட்டேன். ஒரு வாரம் கம்பீரமாகத் திரிந்தது. ஒன்பதாம் நாள் மூலையில் ஒதுங்கி மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடியது, செவுள் சிவந்திருந்தது. தண்ணீரோ பளிங்கு மாதிரி இருந்தது. அழுக்கு என்று எதுவுமே கண்ணில் படாததால் நோய் என்று நினைத்து மருந்து ஊற்றினேன். பதினொன்றாம் நாள் காலையில் மிதந்தது.

நடந்தது என்னவென்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். மீன் செவுள் வழியாக அம்மோனியாவைக் கழிக்கிறது. அதற்கு நிறம் கிடையாது. பழகிய தொட்டியின் ஃபில்டர் ஸ்பாஞ்சில் குடியிருக்கும் நுண்ணுயிரிகள் அதை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றிவிடும். புதுத் தொட்டியில் அந்த நுண்ணுயிரிகள் இல்லை. அவை பெருகி நிலைக்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை மீன் தன் கழிவிலேயே மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும். வெப்பமும் காரத்தன்மையும் கூடினால் அம்மோனியாவின் விஷமும் கூடும். கோடை வெயிலும் போர் தண்ணீரும் சேர்ந்த நம் பக்கத்து வீடுகளில் அதனால்தான் இந்தச் சாவு இன்னும் வேகமாக நடக்கிறது.

ஆகவே தொட்டியை முதலில் வாங்குங்கள், மீனை ஒன்றரை மாதம் கழித்து. நல்ல நிலையில் மீன் வளர்க்கிற நண்பர் இருந்தால், அவர் தொட்டியில் ஓடிக்கொண்டிருக்கும் பழைய ஸ்பாஞ்சில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கி உங்கள் ஃபில்டருக்குள் வையுங்கள். காத்திருக்கும் நாள் பாதியாகக் குறையும். அதைவிடப் பெரிய உதவி கிடையாது, செலவும் கிடையாது. இன்னொன்று: ஸ்பாஞ்சைக் குழாயடியில் கசக்கிக் கழுவாதீர்கள். குடிநீரில் கலக்கும் குளோரின் அந்த நுண்ணுயிரிகளைக் கொன்றுவிடும், தொட்டி மறுபடி புதுத் தொட்டியாகிவிடும். தொட்டித் தண்ணீரையே ஒரு வாளியில் எடுத்து அதில் பிழியுங்கள்.

இப்போது ஆற்றுத் தண்ணீர், போர் தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். பொதிகைப் பாறையில் இறங்கி வரும் தாமிரபரணித் தண்ணீர் மென்மையானது. அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சிப் பக்கம் அதில் சோப்பு எப்படி நுரைக்கும் என்பது குளித்தவர்களுக்குத் தெரியும். தென் அமெரிக்கக் காட்டு ஆறுகளிலிருந்து வந்த டிஸ்கஸ், ராம், டெட்ரா போன்ற மீன்கள் கேட்பது இந்த மென்னீரைத்தான். ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் போனால் கதையே வேறு. அங்கே போர் தண்ணீர் காய்ச்சிய பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். அந்தத் தண்ணீரில் டிஸ்கஸ் நிறம் மங்கி, தீனி எடுக்காமல், மாதக்கணக்கில் மெலிந்து சாகும். அதே தண்ணீரில் ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில் வாழும் சிக்லிட் வகை மீன்கள் ஆட்டம் போடும். அந்த ஏரித் தண்ணீரே காரத்தன்மையுள்ளது. கப்பி, மோலி போன்ற சின்ன மீன்களும்கூட அங்கே நன்றாகப் பெருகும். ஆக, 4,000 ரூபாய் டிஸ்கஸ் அம்பாசமுத்திரத்தில் தகும், திசையன்விளையில் தகாது. மீனும் அதே, விலையும் அதே.

தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. முதலில் அதை வாங்குங்கள். "ஆர்.ஓ. தண்ணி ஊத்திக்கிடுதேன் அண்ணாச்சி" என்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வெறும் ஆர்.ஓ. நீரில் காரத்தைத் தாங்கிப் பிடிக்கும் உப்புகள் இல்லை. சில வாரத்தில் பி.ஹெச். (தண்ணீரின் அமில, கார அளவு) திடீரென்று சரியும், மீன் ஒரே இரவில் கவிழும். கலந்து ஊற்ற வேண்டும், அந்தக் கலவையையும் ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் வைத்திருக்க வேண்டும்.

அடுத்தது, குட்டியைப் பார்த்து வாங்குவது. கடையில் விரல் நீளத்தில் வெள்ளி நாடா போல நெளிகிற சில்வர் அரோவானா முழு வளர்ச்சியில் 3 அடி. ரெட் டெயில் கேட்ஃபிஷ் 3 அடியையும் தாண்டும். குட்டியாக இருப்பதால் விலை குறைவு, பெரிதானால் யாரும் வாங்க மாட்டார்கள். அரோவானாவுக்கு 6 அடிக்கு 2 அடிக்கு 2 அடித் தொட்டிகூட நெருக்கம்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தத் தொட்டி ஏறக்குறைய 680 லிட்டர் பிடிக்கும், கண்ணாடியும் ஸ்டாண்டும் போக 680 கிலோ எடை. மாடி வீட்டில் வைக்கும் முன் கொத்தனாரையோ இன்ஜினியரையோ கேட்டே ஆக வேண்டும். வாரம் 30 சதவீதம் தண்ணீர் மாற்றினால் 200 லிட்டர், சுமார் 14 குடம். சித்திரை, வைகாசியில் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வரும் தெருவில் அந்த 14 குடத்தை வீட்டில் யார் விட்டுக்கொடுப்பார்கள்? 40 வாட் மோட்டார் ராப்பகலாக ஓடினால் இரண்டு மாதத்துக்கு 58 யூனிட் ஆகிறது. இலவசமாகக் கிடைக்கும் யூனிட்டில் ஒரு பெரிய பங்கு மீனுக்கே போய்விடும். மீனின் விலையை ஒருமுறை கொடுக்கிறோம், மற்றதை அதன் ஆயுள் முழுக்கக் கொடுக்க வேண்டும். அரோவானா பத்து வருஷத்துக்கு மேல் வாழக்கூடியது.

வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில் அக்கினி நட்சத்திர நாட்களில் என் தொட்டி 33 டிகிரியைத் தொட்டிருக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும். டிஸ்கஸ் 28 முதல் 30 டிகிரியை விரும்புவது, சமாளித்துவிடும். தங்கமீன் குளிர்ந்த நீர் மீன், 24-க்குக் கீழேதான் அதற்குச் சுகம். நம் ஊரில் அதிகமாக வீணாகும் காசு ஒராண்டா, ரான்சு போன்ற உயர்ரகத் தங்கமீன்களுக்குக் கொடுப்பதுதான் என்று நான் நினைக்கிறேன். கண்டிப்பாக வேண்டுமென்றால் தரைத்தளத்தில், சுவர் வெயில் படாத அறையில் வையுங்கள். தண்ணீர் மேல் காற்றுப் படுமாறு சின்ன ஃபேன் ஓடினால் இரண்டு, மூன்று டிகிரி இறங்கும். ஹீட்டர் நமக்குக் கார்த்திகை, மார்கழி ராத்திரிகளில் சில நாள் போதும், கடைக்காரர் சேர்த்துக் கட்டிக் கொடுத்தாலும் அதற்குப் பதில் பேட்டரி ஏர் பம்ப் கேளுங்கள். மே மாதத்து மின்வெட்டு மூன்று மணி நேரம் நீடித்தால், பெரிய மீன் நிறைந்த தொட்டியைக் காப்பாற்றுவது அதுதான்.

நிறத்துக்காகக் கொடுக்கும் காசில் ஏமாற்றும் உண்டு. கண்ணாடி மீனுக்கு ஊசி வழியாகச் சாயம் ஏற்றி விற்பார்கள், விடோ டெட்ராவுக்கும் சாயம் போடுவார்கள். சில மாதத்தில் அது வெளுத்துவிடும், ஊசி குத்தியதில் மீனுக்கு நோயும் வரும். பாவம், அந்தச் சின்ன உடம்பில் அத்தனை குத்து. அதை வாங்காமல் விடுவதுதான் அதற்கு நாம் செய்யும் நல்லது. ஃபிளவர்ஹார்னில் சிவப்பு கூட ஹார்மோன் கலந்த தீனி கொடுப்பதும் நடக்கிறது. வயதுக்கு மிஞ்சிய நிறத்தோடு ஒரு குட்டி நின்றால் சந்தேகப்படுங்கள். காசைக் கொடுக்கும் முன், உங்கள் கண் முன்னால் தீனி போடச் சொல்லுங்கள். பாய்ந்து வந்து தின்கிற மீனை மட்டும் எடுங்கள். போன வாரம் வந்த சரக்கா, இன்று காலை வந்ததா என்றும் கேளுங்கள். இன்று வந்த மீனுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு பத்து நாள் கழித்துப் போவதே என் வழக்கம்.

ஜோடி வாங்கிக் குஞ்சு விற்றுப் போட்ட காசை எடுக்கலாம் என்ற கணக்கும் பெரும்பாலும் தப்பும். ஃபிளவர்ஹார்னும் பிளட் பேரட்டும் மனிதர்கள் உருவாக்கிய கலப்பினங்கள். பேரட் ஆண்கள் அநேகமாக மலடு, ஃபிளவர்ஹார்ன் ஆண்களிலும் மலடு நிறைய. தொழிலாகச் செய்ய நினைப்பவர்கள் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் விசாரித்துவிட்டு, கப்பி, மோலியில் கை பழகுவது நல்லது.

வாஸ்து மீன் என்று வாங்குபவர்களும் இருக்கிறார்கள். யாருடைய நம்பிக்கையையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் மீன் செத்தால் "வீட்டுக்கு வந்த கெட்டதை அது வாங்கிக்கிட்டுப் போயிருச்சு" என்று சொல்லி அடுத்ததை வாங்கி அதே தண்ணீரில் விடும்போது மனசு கேட்பதில்லை. ஒரே வீட்டில் இரண்டு வருஷத்தில் ஐந்து அரோவானா போனதைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தொட்டிக்கு மூடி இல்லை. அரோவானா குதிக்கும் மீன், ஐந்தில் மூன்று தரையில் கிடந்தவைதான்.

சிவப்பு, தங்க நிற ஆசிய அரோவானா வாங்க ஆசைப்படுபவர்கள் சட்டத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் அது இருக்கிறது. பண்ணையில் வளர்த்த மீனுக்கு உடலில் சிப்பும் கையில் சான்றிதழும் இருக்க வேண்டும். 2022-ல் திருத்தப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பிறகு, இப்படிப்பட்ட மீனை வைத்திருப்பதையே பதிவு செய்ய வேண்டும். காகிதம் இல்லாமல் மலிவாகத் தருகிறேன் என்றால் அந்த மலிவு உங்களுக்கு வேண்டாம்.

கடைசியாகச் சொல்வது எனக்கு மிகவும் வலிக்கிற விஷயம். தொட்டிக்குள் அடங்காமல் வளர்ந்த மீனைக் கொல்ல மனசில்லாமல் பாளையங்கால்வாயிலோ ஆற்றிலோ விட்டுவிடுகிறார்கள். புண்ணியம் என்று நினைத்தே செய்கிறார்கள். தொட்டி சுத்தம் செய்ய என்று வாங்கிய சக்கர் மீன் இப்படித்தான் தமிழ்நாட்டின் பல நீர்நிலைகளில் பரவி, வலையைக் கிழித்து, உள்ளூர் மீன்களின் இடத்தைப் பிடித்திருக்கிறது. நம் ஆற்றில் மட்டுமே வாழும் ஒரு கெண்டை இருக்கிறது. 1954-ல் அறிவியல் உலகுக்கு அறிமுகமானது, அதன் அறிவியல் பெயரிலேயே தாமிரபரணி இருக்கிறது. ஆண் மீனின் முதுகுத் துடுப்பில் நூல் நூலாக இழைகள் நீண்டிருக்கும், வெயில் சாய்வாகப் படும்போது உடம்பு மினுங்கும். இன்று அது அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. அதற்கு வேறு ஆறு கிடையாது. உங்களால் வைத்துக்கொள்ள முடியாத மீனை வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், காசு கேட்காதீர்கள். அவர்கள் வாங்காவிட்டால் பெரிய தொட்டி உள்ள யாரிடமாவது சேருங்கள். பாளையங்கோட்டைப் பக்கம் என்றால் என்னிடம் கொண்டு வாருங்கள், இடம் கிடைக்கும் வரை என் தொட்டியில் இருக்கட்டும்.