ஆல்டோஸ்டீரோன், ரெனின் ரத்தப் பரிசோதனை: போவதற்கு முன் செய்ய வேண்டியவை

பினாங்கில் ரத்தம் எடுக்கும் வேலையில் இருக்கிறேன். மூன்று மாத்திரை போட்டும் பிரஷர் இறங்காதவர்கள் கொண்டுவரும் சீட்டில் பெரும்பாலும் இந்த இரண்டு பெயர்கள் இருக்கும். சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி, ஆல்டோஸ்டீரோன் என்ற ஸ்டீராய்டு ஹார்மோனைச் சுரக்கிறது. அது உப்பை உடம்பில் பிடித்து வைக்கும், பொட்டாசியத்தைச் சிறுநீரில் தள்ளும். அதை ஏவிவிடுவது சிறுநீரகம் சுரக்கும் ரெனின். ரெனின் அடங்கிக் கிடந்தும் ஆல்டோஸ்டீரோன் ஏறியே இருந்தால், சுரப்பி சொல்பேச்சு கேட்கவில்லை என்று அர்த்தம். 1955-இல் ஜெரோம் கான் என்ற அமெரிக்க மருத்துவர் விவரித்த நோய் இது.

நான்கு வாரம் முன்பே மாத்திரைகளை டாக்டரிடம் காட்டுங்கள். ஆல்டோஸ்டீரோனைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரையை வழக்கமாக நான்கு வாரம் நிறுத்தச் சொல்வார்கள். பெரின்டோபிரில், லோசார்டன் போன்ற பிரஷர் மாத்திரைகள் ரெனினை ஏற்றி நோயை மறைத்துவிடலாம். பிசோபிரோலால் என்ற இன்னொரு பிரஷர் மாத்திரை ரெனினை இறக்கி, இல்லாத நோயைக் காட்டலாம். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். தேவையென்றால் வெராபமில், டாக்சசோசின் போன்ற அதிகம் குழப்பாத மருந்துக்கு அவரே மாற்றுவார்.

அப்புறம் அதிமதுரம். இதை யாரும் மருந்தாகக் கணக்கில் சேர்ப்பதில்லை. "வேற மருந்து ஒன்னும் இல்லம்மா" என்றார் ஓர் அம்மா. சற்று நேரத்தில் கைப்பையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்து மூடியில் ஊற்றினார். மஞ்சளாக, ஆவி பறக்க, அதிமதுரக் கஷாயம். தொண்டைக்காகத் தினமும் குடிக்கிறாராம். அன்று ரத்தம் எடுக்காமல் டாக்டரிடம் சொல்லி அனுப்பினேன். அதிலுள்ள கிளிசரைசின் என்ற பொருள், கார்ட்டிசோல் என்ற இன்னொரு அட்ரீனல் ஹார்மோனை அடக்கும் நொதியைத் தடுக்கிறது. கார்ட்டிசோல் போய் ஆல்டோஸ்டீரோனின் வேலையைச் செய்யும். பிரஷர் ஏறும், ஆனால் ரிப்போர்ட்டில் ஆல்டோஸ்டீரோனும் ரெனினும் தாழ்ந்தே இருக்கும். சீன மருந்துக் கடை மூலிகைக் கலவைகள் பலவற்றிலும் அதிமதுரம் உண்டு. இதையும் நான்கு வாரம் விடவேண்டும்.

பரிசோதனை அன்று காலை எழுந்து இரண்டு மணி நேரமாவது நடமாடிவிட்டு வாருங்கள். பசியாறிவிட்டே வரலாம். அதற்கு முந்தைய நாள்களில் உப்பைத் திடீரென்று குறைக்காதீர்கள், ரெனின் ஏறிவிடும். பொட்டாசியம் குறைவாக இருந்தால் டாக்டர் முதலில் அதைச் சரிசெய்வார்.

நாற்காலியில் 5 முதல் 15 நிமிடம் சும்மா உட்காருங்கள். ஊசி போடும்போது கையை மூடித் திறக்காதீர்கள், தசையிலிருந்து பொட்டாசியம் கசிந்து அந்த அளவு பொய்யாகக் கூடும்.

ரத்தம் எடுக்கப் பழகும் தம்பி தங்கைகளுக்கு: ரெனின் குழாயை ஐஸில் வைக்காதீர்கள். குளிரில் புரோரெனின், அதாவது ரெனினின் செயல்படாத முன்வடிவம், ரெனினாக மாறிவிடும். முன்பு நான் இருந்த ஓரிடத்தில் ஐஸ் பெட்டியிலேயே அனுப்பிவிட்டு, நோயாளியை மறுபடி வரவழைத்துக் குத்த வேண்டியதாயிற்று.

ரிப்போர்ட்டில் ஆல்டோஸ்டீரோனை ரெனினால் வகுத்த விகிதம் இருக்கும். அலகு லேபுக்கு லேப் மாறும் என்பதால் அடுத்த வீட்டு அண்ணனின் எண்ணோடு ஒப்பிட வேண்டாம். விகிதம் கூடியிருந்தால் பெரும்பாலும் உறுதிசெய்யும் பரிசோதனை ஒன்று வரும். சேலைன் பரிசோதனை என்றால் நான்கு மணி நேரத்தில் 2 லிட்டர் சேலைனை (உப்பு நீரை) நரம்பு வழியாக ஏற்றுவார்கள். அன்றைக்கு வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, துணைக்கு ஒருவரை அழைத்து வாருங்கள்.