திருப்புமுனைன்னு அடிக்கிறதுக்கு முன்னாடி முக்குல ஒரு நிமிஷம் நில்லுங்க

பாளையங்கோட்டையில சின்னதா டைப்பிங் கடை வச்சிருக்கேன், கல்யாண பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, பணி நிறைவு மலர்னு எல்லாம் அடிச்சுக் குடுப்போம். போன மாசம் ரிட்டயர்டு வாத்தியார் அண்ணாச்சி ஒருத்தர் பதினாறு பக்கம் கையால எழுதிட்டு வந்தாரு, அதுல ஒன்பது எடத்துல திருப்புமுனை. கல்யாணம் திருப்புமுனை, புரமோஷன் திருப்புமுனை, வீடு கட்டுனது திருப்புமுனை, கண் ஆபரேஷன் பண்ணுனதும் திருப்புமுனை. இத்தன தடவ திரும்புனா மனுசன் கெளம்புன எடத்துக்கே வந்து சேந்துருப்பாரேன்னு நெனச்சேன், வெளிய சொல்லல, கஸ்டமராச்சே. ஆனா இந்த வார்த்தைய எங்க போடணும், எங்க போடக்கூடாதுன்னு ஒரு தடவ எழுதி வச்சிருவோம்னு அன்னைக்கே தோணிருச்சு.

மொதல்ல எழுத்து. சேத்துதான் எழுதணும், நடுவுல கேப் விடாதீங்க, ஊறுகாய், சுடுகாடு மாதிரி இதுவும் வினைத்தொகை. முனைக்கு ரெண்டு சுழி னை, மூணு சுழி போட்டு அடிச்சுக் கேக்குறவங்க நெறைய. அப்புறம் அது திருப்புமுனை, திரும்புமுனை இல்ல. திரும்புறது நாம, திருப்பி விடுறது அது. முனைங்கிறத நம்ம ஊர்ல முக்குன்னு சொல்லுவோம்லா, தெரு முக்கு, அதேதான். நேரா போய்க்கிட்டு இருந்தவன ஒரு முக்கு வேற தெருவுக்குத் திருப்பி விட்டுச்சுன்னா அது திருப்புமுனை, முக்குல நின்னு டீ குடிச்சிட்டு அதே தெருவுல போனா அது வெறும் டீதான்.

ஜாஸ்தி கொழப்பம் வர்றது மைல்கல்லோடதான். பாளையில இருந்து திருச்செந்தூர் பஸ்ல போறீங்க, கிருஷ்ணாபுரம் தாண்டுது, செய்துங்கநல்லூர் தாண்டுது, வழியில கல்லு கல்லா வருது, ஆனா ரோடு அதே ரோடுதான், போற ஊரும் அதே ஊருதான். புரமோஷன், வெள்ளி விழா, நூறாவது கிளை இதெல்லாம் மைல்கல். அத திருப்புமுனைன்னு போட்டா, அதுக்கு முன்னாடி நீங்க வேற எங்கயோ போய்க்கிட்டு இருந்தீங்கன்னு அர்த்தமாயிரும், முதலாளி கேட்டா சங்கடம்.

அடுத்தது, யாருக்கு, எதுக்கு திருப்புமுனைன்னு சொல்லணும், அது இல்லாம வார்த்த அந்தரத்துல நிக்கும். இதுக்கு வ.உ.சி.ய விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல. அவரப் பத்தி மலர் போடுறவங்க பாதிப்பேரு 1908 கைததான் திருப்புமுனைன்னு எழுதிட்டு வாராங்க, மார்ச் 12 கைது, மறுநாள் திருநெல்வேலியே கொந்தளிச்சிருச்சு, பெரிய சம்பவம்தான், இல்லங்கல. ஆனா வக்கீல் தொழில் பாத்துக்கிட்டு இருந்த ஒரு ஆளு 1906ல சுதேசி கப்பல் கம்பெனி ஆரம்பிச்சு, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவுல வெள்ளக்காரன் கம்பெனிக்குப் போட்டியா கப்பல் விட்டாரு பாருங்க, வண்டி திரும்புனது அங்க, அதுக்கப்புறம் வந்த கைது செக்கு எல்லாம் அந்தத் தெருவுல நேரா போனா வர்ற எடம். அதே சமயம் 1908 தப்புன்னும் ஒரேயடியா சொல்ல முடியாது, ஜெயிலுக்குப் போனதுல வக்கீல் சன்னதும், அதாவது வக்கீல் தொழில் பண்ற உரிமமும் போயி 1912 கடைசில வெளிய வந்தப்ப தொழில் பண்ண வழி இல்ல, அதனால அவரோட பொழப்புக்கு அது திருப்புமுனை. ஒரே மனுசன், ரெண்டு முக்கு. பொது வாழ்க்கைக்கு 1906, குடும்பப் பொழப்புக்கு 1908னு பிரிச்சு எழுதுனா படிக்கிறவனுக்கு வெளங்கும்.

2019ல தென்காசி தனி மாவட்டம் ஆனத பத்தியும் எழுதிக் கொண்டு வருவாங்க. சங்கரன்கோவில்காரங்களுக்கு அது அச்சு அசலான திருப்புமுனை, கலெக்டர் ஆபீஸுன்னா திருநெல்வேலி கொக்கிரகுளத்துக்கு பஸ் ஏறுனவங்க இப்ப தென்காசிக்கு ஏறுதாங்க, வண்டியே வேற பக்கம் திரும்பிருச்சு. பாளையில இருக்குற எனக்கு அதுல ஒண்ணும் திரும்பல.

இன்னொண்ணு, காலம். நடந்துக்கிட்டு இருக்கும்போதே திருப்புமுனைன்னு சொல்றது எனக்குப் பிடிக்காது, எந்தப் பக்கம் திரும்பப்போவுதுன்னு யாருக்குத் தெரியும்? அதுக்கு வேற வார்த்த இருக்கு. நடக்குறதுக்கு முன்னாடி பயந்து சொல்றது கண்டம், "பேரனுக்கு தண்ணியில கண்டம்யா, குறுக்குத்துறை ஆத்துக்கு விடாதிய"ன்னு ஆச்சி சொல்லுவால்லா, அது. நடக்கும்போது சொல்றது கட்டம், இக்கட்டு. 2023 டிசம்பர் வெள்ளத்துல செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல நூத்துக்கணக்கான சனத்தோட சுத்தித் தண்ணியில நின்னுச்சே, அத திருப்புமுனைன்னா உள்ள இருந்தவங்க அடிக்க வருவாங்க, அது இக்கட்டான கட்டம். ஆஸ்பத்திரில "இருபத்திநாலு மணி நேரம் தாண்டணும்"னு டாக்டர் சொல்றதும் கட்டம்தான். எல்லாம் முடிஞ்சு திரும்பிப் பாக்கும்போதுதான் திருப்புமுனை.

தறுவாய்னு ஒண்ணு இருக்கு, ஒண்ணு நடக்கப்போற நேரம், "வேலை முடியும் தறுவாயில்" அப்படின்னு வரும். வல்லின று. தருவாய்னு எழுதுனா நீ குடுப்பேன்னு அர்த்தம், கண்ணீர் அஞ்சலில "இறக்கும் தருவாயில்"னு பாத்துப் பாத்து எனக்கே பழகிப் போச்சு. திருப்பம்னா கதைக்கும் கேஸுக்கும், அது எத்தன வேணும்னாலும் வரலாம், சீரியல்ல தெனமும் வருது.

கூடப் போடுற வினைச்சொல்: "திருப்புமுனையாக அமைந்தது", "திருப்புமுனையானது" ரெண்டும் போதும். "மாபெரும்", "முக்கிய" எல்லாம் முன்னாடி ஒட்டாதீங்க, திருப்பிச்சு இல்லன்னா திருப்பல, அதுல என்ன மாபெரும்.

அண்ணாச்சி கதைக்கு வாரேன். புரூஃப் பாக்க வந்தப்ப மெதுவா கேட்டேன், "அண்ணாச்சி, இந்த ஒன்பதுல எது நடக்கலன்னா நீங்க வாத்தியாராவே ஆயிருக்க மாட்டிய?" கொஞ்ச நேரம் ஃபேன பாத்துக்கிட்டே இருந்தாரு. பெறவு சொன்னாரு, பம்பாய்க்கு மாமா கடைக்குப் போறதுக்கு துணியெல்லாம் கட்டி வச்ச வாரத்துல அப்பாவுக்கு ஒடம்பு முடியாமப் போச்சாம், ரயிலேறல, அந்த வருசம்தான் டீச்சர் ட்ரெயினிங்ல சேந்தாராம். இத எங்க எழுதிருக்கியன்னு தேடுனா பதினாறு பக்கத்துலயும் காணோம். "அத எழுதுனா எங்கப்பா சீக்கு வந்தது நல்லதுன்னு சொன்ன மாதிரி ஆயிராதாடே"ன்னாரு. நான் ஒண்ணும் பேசல. கடைசில மூணே வரி சேத்தாரு, திருப்புமுனைங்கிற வார்த்தையே போடாம, மத்த ஒன்பதையும் அழிக்கச் சொல்லிட்டு, பக்கம் கொறஞ்சா காசும் கொறையுமான்னு கேட்டாரு.