டிரைவரைத் திட்டுமுன் சிப்பைப் பாருங்கள்

போன வாரம் மொரீஷியஸின் எபென் சைபர் சிட்டியில் ஒரு ஆபீஸ் ரவுட்டரை, அதன் கன்சோல் போர்ட்டில் (ரவுட்டருக்கு நேரடியாகக் கட்டளை கொடுக்கும் துளை) யூஎஸ்பி கேபிளைச் செருகி கான்ஃபிகர் பண்ணப் போய், நாற்பது நிமிடம் லேப்டாப் முன்னால் முழித்துக்கொண்டிருந்தேன். டிரைவரை, அதாவது அந்த இணைப்பை விண்டோஸுக்குப் புரியவைக்கும் மென்பொருளை, மூன்று தடவை ஏற்றி, மூன்று தடவை நீக்கினேன். கடைசியில் பார்த்தால் கோளாறு கேபிளில். பக்கத்து ஊர் ரோஸ் ஹில்லில் அவசரத்துக்கு வாங்கிய மினி பி (சின்ன முனை யூஎஸ்பி) கேபிள், வெறும் சார்ஜ் ஏற்றுவது. டேட்டா கம்பியே உள்ளே இல்லை. ரவுட்டர் ஓடிக்கொண்டிருந்தும், செருகியதும் விண்டோஸ் 'டிங்' என்று ஒரு சத்தமாவது போடாவிட்டால் டிரைவரைத் தொடாதீர்கள். முதலில் கேபிளை மாற்றுங்கள்.

சத்தம் வருகிறது, ஆனால் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம். பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். 'யூஎஸ்பி கன்சோல் டிரைவர்' என்று தேடி, முதலில் கண்ணில் பட்டதை இறக்கிவிடுவார்கள். எல்லாவற்றுக்கும் பொருந்தும் டிரைவர் என்று ஒன்று கிடையாது. கேபிளிலோ ரவுட்டரிலோ யூஎஸ்பியைக் கன்சோலோடு இணைக்கும் சிப் எது என்பதுதான் கணக்கு. முக்கோணம் உள்ள வரியில் வலது க்ளிக், ப்ராப்பர்ட்டீஸ், டீடெய்ல்ஸ், அதில் ஹார்ட்வேர் ஐடி. விஐடி (தயாரிப்பாளர் எண்) 0403 என்றால் எஃப்டிடிஐ கம்பெனி சிப். 067பி புரொலிஃபிக். 1ஏ86 என்றால் சிஎச்340 வகை. 10சி4 சிலிக்கான் லேப்ஸ். சிஸ்கோ ரவுட்டரின் சொந்த மினி பி போர்ட்டில் நேராகச் செருகினால் 05ஏ6. அதற்கு சிஸ்கோ தரும் டிரைவர்தான். அதையும் கேபிளைச் செருகுமுன்பே ஏற்றி, ரீஸ்டார்ட் செய்துவிடுங்கள்.

புரொலிஃபிக்கில் தனித் தலைவலி உண்டு. பழைய சிப்பையும் போலிச் சிப்பையும் புது டிரைவர் ஏற்காது, 'கோட் 10' என்று கைவிரிக்கும். பழைய டிரைவரைப் போட்டு ஒப்பேற்றலாம்; ஆனால் அடுத்த விண்டோஸ் அப்டேட் திரும்பவும் புதியதைக் கொண்டுவந்து வைக்கும். காசைப் பார்க்காமல் ஒரிஜினல் எஃப்டிடிஐ கேபிள் ஒன்றைப் பையில் போட்டுவையுங்கள்.

இந்த டிரைவர்களை எல்லாம் வீட்டிலேயே இறக்கிக்கொண்டு போவது நல்லது. புயல் அடித்த மறுநாள் போன் ஹாட்ஸ்பாட்டை நம்பிப் போனால், அங்கே சிக்னலும் இருக்காது.

டிரைவர் சரியானபின் புட்டியில் (ரவுட்டரோடு பேசும் டெர்மினல் நிரல்), டிவைஸ் மேனேஜர் காட்டும் காம் போர்ட் நம்பரைப் பார்த்துப் போடுங்கள். வேறு யூஎஸ்பி துளையில் செருகினால் நம்பரும் மாறலாம். வேகம் 9600. ஃப்ளோ கண்ட்ரோலை 'நன்' ஆக்குங்கள், புட்டி தானாக அப்படி வைத்திருக்காது.

எல்லாம் சரி, திரை மட்டும் அசையவில்லையா? சிஸ்கோவில் நீலக் கேபிளும் (பழைய வகைக் கன்சோல் கேபிள்) மினி பி-யும் ஒன்றாகச் செருகியிருந்தால் மினி பி-க்குத்தான் முதலிடம், நீலக் கேபிள் ஊமையாகிவிடும். மினி பி-யை உருவிவிட்டு எண்டரைத் தட்டிப் பாருங்கள்.