ரெய்டு 5: நல்ல டிஸ்க் ஏன் கழன்றுகொண்டே இருந்தது?

லினக்ஸில் நான்கு 4 டிபி ஹார்டு டிஸ்க், ரெய்டு 5 (பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்த்து, ஒன்று போனாலும் தரவு தப்பும் அமைப்பு). வாரத்துக்கு ஒருமுறை ஒரு டிஸ்க் தானாக வெளியேறிவிடும். திரும்பச் சேர்த்தால் ரீபில்டுக்கு, அதாவது அதில் தரவை மறுபடி நிரப்ப, ஒன்பது மணி நேரம். அதற்குள் இன்னொன்று போனால் மொத்தமும் போச்சு.

சாட்டா கேபிளை மாற்றினேன், பயனில்லை. ஸ்மார்ட்டில் (டிஸ்க் தன் நலத்தைத் தானே குறித்துவைக்கும் பட்டியல்) 199-வது எண், அதாவது கேபிள் வழியில் தரவு சிதைந்த கணக்கு (சிஆர்சி பிழை), ஏறவே இல்லை என்பதை முதலில் பார்த்திருந்தால் அந்தச் செலவு மிச்சம். பவர் சப்ளையும் காரணமில்லை. ஸ்மார்ட் நிலையோ 'பாஸ்டு'.

துப்பு வேறிடத்தில்: காப்பி அப்படியே நிற்கும், சரியாக 30 விநாடியில் கர்னல் லாகில் (லினக்ஸின் மையப் பகுதி எழுதும் பதிவேடு) டிஸ்க் ரீசெட். ஸ்மார்ட் 197-இல், அதாவது படிக்க முடியாத செக்டர் (டிஸ்க்கின் சிறு துண்டு) கணக்கில், 8. டெஸ்க்டாப் டிஸ்க் கெட்ட செக்டரோடு ஒரு நிமிடத்துக்கு மேலும் மல்லுக்கட்டும். லினக்ஸின் பொறுமை 30 விநாடிதான்; அதற்குள் பதில் இல்லையென்றால் ரீசெட், டிஸ்க் வெளியே.

ஸ்மார்ட்சிடிஎல் என்ற கட்டளையில் எஸ்சிடி இஆர்சி மதிப்பை (கெட்ட செக்டரோடு டிஸ்க் போராடும் நேர வரம்பு; படிக்க ஒன்று, எழுத ஒன்று) 70,70 ஆக்கினேன். அலகு 0.1 விநாடி, ஆக 7 விநாடியில் டிஸ்க் கைவிடும். ரெய்டு மற்ற டிஸ்க்கில் உள்ள தரவு, பாரிட்டி (மீட்புக்கான கூடுதல் தரவு) இரண்டிலிருந்தும் கணக்கிட்டு அந்த இடத்தில் திரும்ப எழுதிவிடும். ஒரு டிஸ்க் இதை ஏற்கவில்லை. அதற்கு மட்டும் கர்னல் டைம்அவுட்டை, அதாவது லினக்ஸின் அந்தப் பொறுமையை, 180 விநாடி ஆக்கினேன். பவர் போனால் இரண்டுமே அழியும், பூட் ஸ்கிரிப்டில் போட்டாக வேண்டும்.

பிறகு ரெய்டின் 'செக்' (எல்லா டிஸ்க்கையும் முழுக்கப் படித்துப் பார்க்கும் சோதனை) ஓட்டியதும் 197 பூஜ்யம். அப்பாடா!