சிஎச்50 சாம்பிளை தர்மபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து கெடாமல் அனுப்ப

சி3, சி4 எல்லாம் ரத்தத்தில் கிருமிகளை எதிர்க்கும் காம்ப்ளிமென்ட் புரதங்கள். டாக்டர் சீட்டில் இவை மட்டும் இருந்தால் பெரிய தொல்லையில்லை. சீரத்தை (ரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிந்த நீர்) பிரித்து 2–8 டிகிரியில் வைத்து மறுநாள் அனுப்பினாலும் போதும். சிஎச்50 என்று இருந்தால்தான் உஷார். சி3 பரிசோதனை புரதம் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும். சிஎச்50 அந்தப் புரதங்கள் சங்கிலியாகச் சேர்ந்து வேலை செய்கின்றனவா என்று சொல்லும்.

ஆன்டிபாடி பூசிய செம்மறியாட்டுச் சிவப்பணுக்களோடு நோயாளியின் சீரத்தைக் கலப்பார்கள். ஆன்டிபாடியில் சி1க்யூ ஒட்டும். கூடவே இருக்கும் சி1ஆர், சி1எஸ் கிளம்பி சி4, சி2 இரண்டையும் வெட்டும். அந்தத் துண்டுகள் சேர்ந்து சி3-ஐ வெட்டும், பிறகு சி5. கடைசியில் சி5பி முதல் சி9 வரை கூடி அணுவின் சவ்வில் துளை போடும். பாதி அணுக்களை உடைக்க எவ்வளவு சீரம் தேவை என்பதே கணக்கு. சங்கிலியில் ஒரு கண்ணி செத்தாலும் அணு சரியாக உடையாது.

உடம்பில் இந்தச் சங்கிலியைக் கிளப்ப வேறு இரண்டு வழிகளும் உண்டு. கிருமியின் மேலிருக்கும் மேனோஸ் சர்க்கரையைப் பிடித்துத் தொடங்குவது ஒன்று. மற்றதற்குத் தூண்டுகோலே வேண்டாம்: சி3 தண்ணீரோடு வினைபுரிந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தானே கிளம்பிக்கொண்டிருக்கும். டியூபில் நேரம் போகப் போகப் புரதங்கள் தீர்வதும் சிதைவதும் நடக்கும். வெப்பமும் எதிரி. விடிஆர்எல் (சிபிலிஸ் பரிசோதனை) செய்பவர்களுக்குத் தெரியும், சீரத்தை 56 டிகிரியில் 30 நிமிடம் வைப்பதே காம்ப்ளிமென்டைக் கொல்லத்தான்.

டியூப்: சிவப்பு மூடி, ஜெல் இல்லாதது. ரத்தம் உறையாமல் தடுக்கும் இடிடிஏ போட்ட ஊதா மூடி டியூபில் எடுத்தால் சிஎச்50 பூஜ்யமாகத்தான் வரும். சி1-க்குக் கால்சியமும் அடுத்த கட்டங்களுக்கு மக்னீசியமும் வேண்டும். இடிடிஏ இரண்டையும் பிடித்துக்கொள்ளும். (சங்கிலி கிளம்பியதைக் காட்டும் சி3ஏ, எஸ்சி5பி-9 கேட்டால் அதே ஊதா டியூப்தான் சரி. எடுத்த பிறகு டியூபுக்குள் எதுவும் கிளம்பக் கூடாதே.)

4–5 மில்லி எடுங்கள். சிரிஞ்சிலிருந்து அழுத்திப் பீய்ச்சாதீர்கள். உடைந்த ரத்தத்தின் சிவப்பு கணக்கைக் கெடுக்கும், ஏனென்றால் லேபில் அளப்பதே அந்த நிறத்தைத்தான். அறை வெப்பத்தில் 30 முதல் 60 நிமிடம் உறையட்டும். தர்மபுரியில் ஏப்ரல், மே மாத ஜன்னலோரம் அறை வெப்பம் ஆகாது. ஏசி அறையில் வையுங்கள். சென்ட்ரிஃப்யூஜில் நிமிடத்துக்கு 3000 சுற்று வீதம் 10 நிமிடம் சுற்றி, அரை மில்லி வீதம் இரண்டு பிளாஸ்டிக் வயலில் சீரத்தைப் பிரித்து, எடுத்த 2 மணி நேரத்துக்குள் மைனஸ் 70 டிகிரி ஃப்ரீசரில் வையுங்கள். வீட்டு ஃபிரிட்ஜின் ஃப்ரீசர் பயன்படாது. தானாகப் பனி நீக்கும் ஃப்ரீசர் இன்னும் மோசம், இடையிடையே சூடேறும்.

வழிக்கு டிரை ஐஸ் (உறைந்த கார்பன் டை ஆக்சைடு), தெர்மோகோல் பெட்டியில் ஓர் இரவுக்கு 3–5 கிலோ. மூடியைக் காற்றுப் புகாமல் டேப் போட்டு அடைக்காதீர்கள், வாயு சேர்ந்து பெட்டி வெடிக்கும். வெறுங்கையால் தொடவும் கூடாது. சாதாரண ஐஸ் பேக்கோடு பஸ் பார்சலில் போட்டால், உறைந்த சீரம் உருகித்தான் போய்ச் சேரும்.

மைனஸ் 70 ஃப்ரீசரும் டிரை ஐஸும் இல்லையென்றால் ரத்தத்தை அனுப்பாதீர்கள், ஆளையே அனுப்புங்கள். கிருஷ்ணகிரி, ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூரு பக்கம். தர்மபுரிக்காரர்கள் சேலமும் போகலாம். போகும் லேப் பரிசோதனையை அங்கேயே செய்கிறதா, வேறு ஊருக்கு அனுப்புகிறதா என்று முதலில் போனில் கேளுங்கள்.

ரிப்போர்ட்டில் சி3 குறைந்து சி4 சரியாக இருந்தால், சிரங்கோ தொண்டைப்புண்ணோ வந்து போன குழந்தைக்குச் சிறுநீரக அழற்சியா என்று டாக்டர் பார்ப்பார். அதுவென்றால் பொதுவாக 6–8 வாரத்தில் சி3 ஏறிவிடும். இரண்டும் குறைந்தால் லூபஸ் (எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் நோய்) சந்தேகம் வரும். சி3, சி4 சரி, சிஎச்50 மட்டும் பூஜ்யம் என்றால் முதலில் சாம்பிளைச் சந்தேகியுங்கள். சரியாக எடுத்த இரண்டாவது சாம்பிளிலும் பூஜ்யம் வந்தால்தான் சி1, சி2, சி5 முதல் சி8 வரை இவற்றில் எது இல்லை என்று தேட வேண்டும். சி5-க்குப் பிந்தைய கண்ணிகளில் ஒன்று இல்லாதவர்களுக்கு மெனிஞ்சோகாக்கஸ் மூளைக்காய்ச்சல் திரும்பத் திரும்ப வரலாம். தடுப்பூசி பற்றி டாக்டரிடம் அப்போதே கேட்டுவிடுங்கள்.