நெய்த வினைல் தரை: வணிகக் கட்டடங்களில் தூய்மையும் பராமரிப்பும்

நெய்த வினைல் தரையைத் தூரத்திலிருந்து பார்ப்பவர்கள் அதைக் கம்பளம் என்றே நினைக்கிறார்கள். அருகில் சென்று தொட்டுப் பார்த்தால்தான் பிளாஸ்டிக் என்று தெரிகிறது. பராமரிப்பில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை இந்தக் குழப்பத்திலிருந்தே பிறக்கின்றன. கம்பளம் என்று எண்ணிக் கம்பளச் சலவைக்கு உரிய நுரையைப் பூசுகிறவர்களும் உண்டு, வழவழப்பான வினைல் தரை என்று எண்ணி ஈர மாப்பை இழுத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. இரண்டுமே இந்தத் தரைக்குப் பொருந்தாதவை.

இந்தத் தரை உருவாகும் விதத்தை அறிந்துகொண்டால் மற்றவை எளிதில் விளங்கிவிடும். பாலியஸ்டர் அல்லது கண்ணாடி இழையின் மேல் பி.வி.சி. எனப்படும் வினைல் பிளாஸ்டிக்கைப் பூசி நூலாக்குகிறார்கள். அந்த நூலைத் துணியைப் போலவே பாவும் (நீளவாக்கு நூல்) ஊடையுமாகத் (குறுக்கு நூல்) தறியில் நெய்து, அடியில் பி.வி.சி. அடித்தளத்தையோ மெத்தென்ற ஃபெல்ட் அடித்தளத்தையோ சேர்த்து, ரோலாகவோ சதுர டைல்களாகவோ தருகிறார்கள். இத்துறையில் நன்கு அறியப்பட்ட ஸ்வீடன் நாட்டு போலோன் நிறுவனம், 1949இல் கழிவுப் பொருட்களைக் கொண்டு விரிப்பு நெய்யும் தொழிலாகத் தொடங்கியது. ஆகவே இந்தத் தரை துணியின் தோற்றத்தோடு இருப்பதில் வியப்பில்லை. ஆனால் நூல் நீரை உறிஞ்சாது, சாயத்தைக் குடிக்காது. அழுக்கு நூலுக்குள் போவதில்லை. நூலுக்கும் நூலுக்கும் இடையே உள்ள நுண்ணிய குழிகளில்தான் அது தங்குகிறது. எனவே இந்தத் தரையைச் சுத்தம் செய்வது என்றால் குழியில் கிடக்கும் அழுக்கை இளக்கி, மேலே தூக்கி, கட்டடத்தை விட்டே வெளியேற்றுவது. துடைப்பதால் மட்டும் அது நடக்காது.

வாசலில் தொடங்கும் வேலை

ஒரு கட்டடத்துக்குள் சேரும் அழுக்கில் பெரும்பகுதி காலணிகளின் அடியில் ஒட்டிக்கொண்டுதான் வருகிறது. அதில் மிகவும் கெடுதல் செய்வது மணல். கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய மணல் துகள் ஒவ்வொரு காலடிக்கும் நூலின் மேற்பூச்சை உப்புத்தாள் போலத் தேய்க்கிறது. இந்தத் தரை பொலிவிழந்து சாம்பல் பூத்தது போல் தெரிவதற்கு இந்தத் தேய்மானமும் ஒரு காரணம். அழுக்கைச் சலவை செய்து நீக்கலாம், தேய்ந்துபோன பூச்சை மீட்க வழியே இல்லை. ஆகவே வாசலுக்கு வெளியே சொரசொரப்பான மிதியடி ஒன்றும், உள்ளே ஈரத்தை உறிஞ்சும் மிதியடி ஒன்றும் அவசியம். இரண்டையும் சேர்த்து ஒவ்வொரு காலும் நான்கைந்து முறையாவது பதியும் அளவுக்கு நீளம் இருக்க வேண்டும். அழகுக்காகப் போடப்படும் ஒரு முழ நீள மிதியடியால் பயனில்லை. மிதியடியையும் நாள்தோறும் வாக்குவம் செய்ய வேண்டும். நிரம்பிவிட்ட மிதியடி தான் பிடித்த மண்ணைத் திரும்ப உள்ளே அனுப்பத் தொடங்கிவிடும்.

மிதியடியின் அடிப்பாகம் ரப்பராக இருக்கக் கூடாது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் பராமரிப்பைப் பார்த்துக்கொண்ட ஒரு கட்டடத்தில், லிஃப்ட் வாசலில் ரப்பர் அடி கொண்ட மிதியடி ஒன்று பல மாதங்கள் கிடந்தது. அதை எடுத்த நாளில், சாம்பல் நிறத் தரையில் மிதியடியின் அளவிலேயே, ஓரங்கள் நேராக வெட்டியது போல, பழுப்பு நிறச் செவ்வகம் ஒன்று தெரிந்தது. மூன்று வகைத் திரவங்களைக் கொண்டு மூன்று நாட்கள் தேய்த்தோம். நிறம் கொஞ்சமும் அசையவில்லை. காரணம், அது மேலே ஒட்டியிருந்த கறையே அல்ல. ரப்பர் கெட்டுப்போகாமலிருக்க அதில் சேர்க்கப்படும் வேதிப்பொருட்கள் மெல்ல வெளியேறி வினைலுக்குள் ஊடுருவி அதன் நிறத்தையே மாற்றிவிடுகின்றன. அதை எந்தச் சலவையாலும் எடுக்க முடியாது, அந்த டைல்களை மாற்றித்தான் ஆக வேண்டியிருந்தது. நாற்காலிக் கால்களில் மாட்டும் ரப்பர் குப்பிகள், ரப்பர் சக்கரங்கள், உடற்பயிற்சிக் கருவிகளின் ரப்பர் பாதங்கள் ஆகிய எல்லாமே இதே கறையை உண்டாக்கும். வினைல் அடி கொண்ட மிதியடிகளையும், ரப்பர் கலவாத சக்கரங்களையும் கேட்டு வாங்குங்கள்.

அன்றாடம்: வாக்குவம்

நாள்தோறும் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான், அது உலர்ந்த நிலையில் வாக்குவம் செய்வது. சுழலும் மென்மையான பிரஷ் பொருத்திய வாக்குவம் இதற்கு ஏற்றது. பிரஷ் குழியில் கிடக்கும் தூசியைக் கிளப்பிவிடும், இயந்திரம் அதை உறிஞ்சி இழுத்துக்கொள்ளும். ஒரே திசையில் மட்டும் இழுத்தால் நூலின் ஒரு பக்கத்துச் சரிவில் உள்ள தூசி அப்படியே நின்றுவிடும் என்பதால், ஒரு முறை பாவின் திசையிலும் ஒரு முறை ஊடையின் திசையிலும் இழுக்க வேண்டும். நுழைவாயில், லிஃப்ட் முன்புறம், நகலெடுக்கும் இயந்திரத்தைச் சுற்றியுள்ள இடம், தேநீர் அறையின் வாசல் ஆகியவற்றுக்கு இது அன்றாட வேலை. ஆள் நடமாட்டம் குறைந்த அறைகளுக்கு வாரத்தில் இரண்டு நாட்கள் போதும். இயந்திரத்தின் பையும் வடிகட்டியும் பாதி நிரம்பியதுமே உறிஞ்சும் ஆற்றல் குறைந்துவிடுகிறது. ஊழியர் முறையாக உழைத்தும் தரை மங்கலாகவே இருந்தால், முதலில் அந்தப் பையைத் திறந்து பார்க்க வேண்டும்.

துடைப்பத்தால் பெருக்கினால் பெரிய குப்பை போகும், நுண்தூசி குழிகளுக்குள் இறங்கிவிடும். ஈர மாப் அதைவிட மோசமானது. மாப் போட்ட தரை ஈரமாக இருக்கும் வரை பளிச்சென்று தெரியும். அது உலர்ந்த பின் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தால், நூலின் மேடு சுத்தமாகவும், இரண்டு நூல்களுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் கரும்பசை போன்ற கோடு ஒன்று நீளமாகவும் படிந்திருப்பதைக் காணலாம். வாளியிலிருந்த அழுக்கு நீர்தான் அந்தப் பள்ளத்தில் வடிந்து உலர்ந்திருக்கிறது. இப்படிப் பல மாதங்கள் தொடர்ந்தால் நெசவின் வடிவமே மறைந்து, தரை முழுதும் ஒரே மங்கல் நிறமாகிவிடும். ஈர மைக்ரோஃபைபர் துணியை அப்போதைக்கப்போது சிந்தியதை ஒற்றி எடுப்பதற்கு மட்டும் பயன்படுத்தலாம்.

குறித்த காலத்து ஈரச் சலவை

வாக்குவம் எவ்வளவு ஒழுங்காக நடந்தாலும், எண்ணெய்ப் பசை கலந்த மெல்லிய அழுக்குப் படலம் நாளடைவில் சேரவே செய்யும். அதை நீக்க ஈரச் சலவை தேவை. எத்தனை மாதங்களுக்கு ஒரு முறை என்பதை நடமாட்டத்தை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பரபரப்பான நுழைவுக் கூடத்துக்கு மாதம் ஒரு முறை தேவைப்படலாம், கூட்ட அறைக்கு ஆண்டில் இரண்டு முறை போதுமானதாக இருக்கலாம். கட்டடம் முழுமைக்கும் ஒரே நாட்காட்டியை வைப்பதைவிட, இடத்துக்கு இடம் பிரித்து வைப்பது நீரையும் உழைப்பையும் மிச்சப்படுத்தும்.

இதற்குரிய இயந்திரம், எதிரெதிர்த் திசையில் சுழலும் இரண்டு உருளை பிரஷ்கள் கொண்டது. அதன் மயிர்கள் குழிக்குள் இறங்கி அழுக்கைத் தோண்டி எடுத்து மேலே கொண்டுவருகின்றன. வட்டத் தட்டில் பேட் மாட்டிச் சுழற்றும் இயந்திரத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். பேட் நூல்களின் முகட்டில் மட்டுமே உரசும், பள்ளத்தை அது தொடுவதில்லை. உரசலில் பிறக்கும் சூடு பி.வி.சி.யின் மேற்பரப்பைப் பளபளக்கச் செய்துவிடும், இணைப்பு ஓரங்களில் சிக்கினால் நூலையும் இழுத்துவிடும்.

சலவைத் திரவம் நடுநிலையானதாகவோ மிதமான காரத்தன்மை கொண்டதாகவோ இருக்க வேண்டும். பி.எச். அளவு 7 முதல் 10 வரை இருந்தால் பாதுகாப்பானது. நுரை குறைவாக வருவது நல்லது. கலக்கும் அளவைப் புட்டியில் உள்ளபடி அளவுக் குவளையால் அளந்தே ஊற்ற வேண்டும். 1 சதவீதக் கரைசல் என்றால் 10 லிட்டர் நீருக்கு 100 மி.லி. மட்டுமே. கைக்கணக்கில் ஊற்றுகிறவர்கள் பெரும்பாலும் இதைப் போல மூன்று மடங்கு ஊற்றிவிடுகிறார்கள்.

முதலில் தரை முழுவதையும் நன்றாக வாக்குவம் செய்யுங்கள். இதைத் தவிர்த்தால் நீர் பட்டதும் தூசி சேறாகிவிடும். பிறகு கைத்தெளிப்பானால் 10 முதல் 15 சதுர மீட்டர் பரப்பில் மட்டும் கரைசலைத் தெளித்து, 5 முதல் 10 நிமிடங்கள் ஊற விடுங்கள். அழுக்கை இளக்குவது அந்த நேரம்தான், ஆனால் அது உலர்ந்துவிட விடக் கூடாது. அடுத்து பிரஷ் இயந்திரத்தைப் பாவின் திசையில் ஒரு முறையும் ஊடையின் திசையில் ஒரு முறையும் மெதுவாக ஓட்டுங்கள். சாம்பல் நிற நுரை மேலெழுந்து வருவதைக் கண்ணால் பார்க்கலாம். அந்த நுரை மீண்டும் குழிக்குள் இறங்குவதற்கு முன்பே, நீரை உறிஞ்சும் வாக்குவத்தால் அதை எடுத்துவிட வேண்டும். இதனால் ஒருவர் பிரஷ் ஓட்ட, மற்றொருவர் அவர் பின்னாலேயே உறிஞ்சி வருவது சிறந்த ஏற்பாடு.

இதற்குப் பிறகு செய்ய வேண்டிய அலசலைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். வெறும் நீரைத் தெளித்து, பிரஷ் ஓட்டி, மறுபடி உறிஞ்ச வேண்டும். ஒரு தாழ்வாரத்தை எங்கள் குழு வார இறுதியில் கடுமையாக உழைத்துச் சலவை செய்தது. இரண்டே வாரங்களில் அது முன்பைவிடக் கருத்துப்போனது. ஊழியர்கள் மனம் சோர்ந்துவிட்டார்கள், திரவம் போதவில்லை என்று நினைத்து அளவைக் கூட்டவும் விரும்பினார்கள். நான் ஒரு வெள்ளைத் துணியை வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்து, அந்தத் தரையில் உள்ளங்கையளவு இடத்தில் அரை நிமிடம் தேய்த்தேன். துணியின் ஓரத்தில் சின்னச் சின்ன நுரைக் குமிழிகள் வந்தன. சலவைத் திரவம் குழிகளிலேயே தங்கி, பிசுபிசுத்து, நடப்பவர்களின் காலிலிருந்த அழுக்கையெல்லாம் பிடித்து வைத்திருந்தது. அடுத்த இரண்டு இரவுகளில் திரவம் ஒரு துளியும் சேர்க்காமல் வெறும் நீரால் அலசி உறிஞ்சியதும், தரையின் உண்மையான நிறம் திரும்பியது. ஒவ்வொரு சலவைக்குப் பிறகும் இந்த வெள்ளைத் துணிச் சோதனையைச் செய்துவிட்டு, நுரை வந்தால் இன்னொரு முறை அலசுங்கள்.

தரை முழுதாக உலரும் வரை எச்சரிக்கைப் பலகை இருக்கட்டும், மின்விசிறியை ஓட விடுங்கள். இரும்புக் கால்கள் கொண்ட மேசைகளை ஈரத்தின் மேல் திரும்ப வைத்தால் துருக்கறை பதிந்துவிடும்.

கறைகள்

நூல் உறிஞ்சாது என்பதால் புதிய கறைகள் பெரும்பாலும் எளிதில் போய்விடும். தேநீர், காப்பி, பழச்சாறு போன்றவற்றை வெள்ளைத் துணியால் ஒற்றி எடுத்து, வெதுவெதுப்பான நீரால் தேய்த்து, மீண்டும் ஒற்றினால் போதும். இரத்தத்துக்குக் குளிர்ந்த நீர்தான் வேண்டும், சூடு பட்டால் அது உறைந்து இறுகிவிடும். எண்ணெய்க்கு மிதமான சலவைத் திரவமும் மென்மையான கைப் பிரஷும் தேவை. சூயிங்கத்தைப் பனிக்கட்டியால் இறுக வைத்து, மழுங்கிய பிளாஸ்டிக் சுரண்டியால் பெயர்க்கலாம். கத்தி முனை நூலை வெட்டிவிடும். துருக்கறைக்கு நீர்த்த சிட்ரிக் அமிலம் உதவும், பின்பு நன்கு அலசிவிட வேண்டும். பேனா மைக்கு, துணியில் சிறிது ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை நனைத்து, வெளியிலிருந்து உள்நோக்கி ஒற்றி, உடனே நீரால் அலச வேண்டும். எந்தத் திரவமானாலும் அலமாரிக்கு அடியில் ஒளிந்திருக்கும் ஓர் ஓரத்தில் முதலில் சோதித்துப் பாருங்கள்.

அசிட்டோன், தின்னர், நகப்பூச்சு நீக்கி ஆகியவை பி.வி.சி.யையே இளக்கிக் கரைத்துவிடும், ஆகவே அவற்றைத் தரையின் பக்கமே கொண்டுவரக் கூடாது. பிளீச் நிறத்தை வெளுக்கச் செய்யும். நீராவி இயந்திரத்தின் சூடு நூலையும் அடியிலுள்ள பசையையும் ஒருசேரக் கெடுக்கும். மெழுகும் பாலிஷும் இந்தத் தரைக்குத் தேவையே இல்லை. அவை குழிகளை நிரப்பி, உள்ளே இருக்கும் அழுக்கைச் சிறைவைத்து, மேற்பரப்பை வழுக்கவும் செய்யும்.

புதிதாகப் பதித்த தரை

பதித்த உடனேயே ஈரச் சலவை செய்யக் கூடாது. பசை முழுதாக இறுகச் சில நாட்கள் ஆகும், அந்தக் கால அளவைப் பசையின் உறையில் பார்த்துக்கொள்ளலாம். அதைவிடவும் கவனம் தேவைப்படுவது கட்டுமானத் தூசி. சிமெண்டும் ஜிப்சமும் கலந்த அந்த வெண்தூளின் மேல் நீர் பட்டால், அது குழிகளிலேயே பூச்சுப் போல் இறுகிவிடும். பிறகு ஒவ்வொரு குழியாகத் தோண்டினாலும் முழுதாக வராது. எனவே தச்சு வேலையும் வண்ண வேலையும் முழுதாக முடியும் வரை தரையை அட்டையால் மூடி வைத்து, முடிந்த பின் மூன்று நான்கு முறை உலர் வாக்குவம் செய்துவிட்டே நீரை எடுக்க வேண்டும்.

இணைப்புகளும் மாற்று டைல்களும்

இணைப்பு ஓரங்களில் நூல் ஒன்று பிரிந்து நின்றால், கையால் இழுக்காமல் கூரான கத்தரியால் தரையோடு ஒட்ட வெட்டிவிடுங்கள். இழுத்தால் அது தன் வரிசை முழுவதையும் உருவிக்கொண்டு வரும். ஓரம் தூக்கியிருந்தால் தாமதிக்காமல் பசையிட்டு, மேலே பளுவை வைக்க வேண்டும். கனமான அலமாரிகளை இழுக்காமல், கடினமான பலகையை அடியில் இட்டு நகர்த்துங்கள். மின்கம்பிகளைத் தரையோடு ஒட்டும் டேப்பை நிகழ்ச்சி முடிந்த அன்றே எடுத்துவிடுங்கள், நாளானால் அதன் பசை நெசவுக்குள் தங்கிவிடும்.

டைல்களாகப் பதித்திருந்தால், அதே உற்பத்தித் தொகுப்பைச் சேர்ந்த சில பெட்டிகளை ஆரம்பத்திலேயே வாங்கி, நிமிர்த்தாமல் தட்டையாக அடுக்கி வைக்க வேண்டும். ஒரு டைல் கெட்டுவிட்டால் பெட்டியிலிருந்து புதியதை எடுத்து நேராக அந்த இடத்தில் பதிக்காதீர்கள், பல ஆண்டுகள் மிதிபட்ட டைல்களுக்கு நடுவே அது தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும். அதே தாழ்வாரத்தில் ஆள் அதிகம் நடக்காத மூலையிலிருந்து ஒரு டைலைப் பெயர்த்து, அடிப்பக்கத்து அம்புக்குறியின் திசை மாறாமல் கெட்ட இடத்தில் பதித்து, புதியதை அந்த மூலையில் வைத்துவிட்டால் மாற்றம் எங்கே நடந்தது என்று யாருக்கும் எளிதில் புலப்படாது.