நாட்கள் ஓடுவதைப் பாடும் கன்ட்ரி பாட்டு: எழுதுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

இன்று அலுப்பாகத் தெரிகிற நாட்களுக்காகவே பின்னால் ஏங்கப் போகிறாய் என்று சொல்கிற பாட்டு, அமெரிக்க கிராமப்புற மரபிலிருந்து வளர்ந்த கன்ட்ரி இசையில் ஒரு தனி வகை. 2007, 2008 இரண்டே ஆண்டுகளில் இப்படி மூன்று பாட்டுகள் வந்தன: கென்னி செஸ்னி பாடிய ‘டோன்ட் பிளிங்க்’ (கண் சிமிட்டாதே), ட்ரேஸ் அட்கின்ஸின் ‘யூ ஆர் கோனா மிஸ் திஸ்’ (இதற்காக ஏங்கப் போகிறாய்), டேரியஸ் ரக்கரின் ‘இட் வோன்ட் பி லைக் திஸ் ஃபார் லாங்’ (ரொம்ப நாள் இப்படியே இருக்காது). மூன்றும் பில்போர்டு இசைப் பத்திரிகையின் கன்ட்ரி பட்டியலில் முதலிடத்தைப் பிடித்தன. கேட்கும்போது, இதை யாரும் எழுதிவிடலாம் போலிருக்கும். எழுத உட்கார்ந்தால் பெரும்பாலும் வாழ்த்து அட்டை வாசகம்தான் வருகிறது.

பெரிய தவறு முதல் வரியிலேயே நடந்துவிடும்: அழகான தருணமாகப் பார்த்து எடுப்பது. அந்தி வானம், குழந்தையின் சிரிப்பு, மழையில் நனைவது. இதையெல்லாம் ரசிக்கச் சொல்லி ஒருவர் பாட வேண்டுமா என்ன? அட்கின்ஸ் பாட்டின் மூன்றாவது சரணத்தைப் பாருங்கள். வாட்டர் ஹீட்டரைச் சரிசெய்ய பிளம்பர் வந்திருக்கிறார். நாய் குரைக்கிறது, போன் அடிக்கிறது, ஒரு பிள்ளை அழுகிறது, இன்னொன்று கத்துகிறது. அந்த அம்மா பிளம்பரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். எப்போது முடியும் என்று இருக்கிற அந்த வேளையைத்தான் பாட்டு பொக்கிஷம் என்கிறது. எரிச்சல் நிஜமாக இருந்தால்தான் ஏக்கம் எடுபடும்.

அடுத்தது, பாடுகிறவரே புத்தி சொல்ல ஆரம்பிப்பது. ‘ஒவ்வொரு நொடியும் அருமையானது’ என்று மேடையில் நிற்கிற ஒருவர் சொன்னால் நமக்குக் கொட்டாவிதான் வரும். அட்கின்ஸ் பாட்டை எழுதிய ஆஷ்லி கோர்லியும் லீ தாமஸ் மில்லரும் ‘இதற்காக ஏங்கப் போகிறாய்’ என்ற வார்த்தையைப் பாத்திரங்களிடம் விட்டுவிட்டார்கள். பதினெட்டு வயது எப்போது வரும் என்று முனகும் பெண்ணிடம் பள்ளி வாசலில் அம்மா சொல்கிறாள். கல்யாணமாகி ஒற்றைப் படுக்கையறை வீட்டில் இருந்துகொண்டு சொந்த வீடு, குழந்தை என்று திட்டம் போடுகிறவளிடம் அப்பா சொல்கிறார். கடைசியில் அந்த பிளம்பர். தனக்கும் இரண்டு குழந்தைகள், ஒன்றுக்கு 36, இன்னொன்றுக்கு 23 என்கிறார். அந்த இரண்டு எண்களுக்குப் பிறகு விளக்கம் எதற்கு? செஸ்னியின் பாட்டில் நேரடியாகவே அறிவுரை வருகிறது, ஆனால் சொல்கிறவர் டிவி பேட்டியில் வரும் 102 வயது முதியவர். அந்த வயதுக்காரர் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். முப்பது வயதில் அதே தொனியை எடுத்துக்கொண்டால் ஒட்டாது.

பல்லவி விஷயத்தில்தான் அதிகம் பேர் கோட்டை விடுகிறார்கள். சரணம் மாறுகிறது, பல்லவி அப்படியே திரும்பி வருகிறது, பொருளும் அப்படியே நிற்கிறது. இதற்கு ரக்கரின் பாட்டைப் பாடமாகவே எடுத்துக்கொள்ளலாம். (இதை எழுதியதிலும் கோர்லிக்குப் பங்கு உண்டு, ரக்கரும் கிறிஸ் டுபாயும் கூட.) பிறந்த குழந்தை இரவெல்லாம் அழ, தூங்காத கணவனிடம் மனைவி ‘இப்படியே இருக்காது’ என்கிறாள். அது ஆறுதல். நான்கு ஆண்டு கழித்து, பள்ளியில் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்கிற மகளைப் பிரித்தெடுத்தபடி ஆசிரியை சொல்லும்போதும் ஆறுதல்தான், ஆனால் கொஞ்சம் குத்துகிறது. முடிவில், தூங்கும் மகளைப் பார்த்து அவன் அதையே நினைக்கும்போது அது முழுக்க துக்கமாகிவிடுகிறது. உங்கள் பாட்டில் இது நடக்கிறதா என்று பார்க்க, கடைசிப் பல்லவியை முதல் சரணம் முடிந்ததும் வைத்துப் பாடிப் பாருங்கள். அங்கேயும் அதே கனம் இருந்தால் நடுவில் உள்ள சரணங்கள் சும்மா இருக்கின்றன என்று அர்த்தம்.

அழ வைக்க ஒரு சாவைக் கொண்டுவருவது இன்னொரு பழக்கம். செஸ்னியின் பாட்டிலும் மரணத்தின் நிழல் விழுகிறது, ஐம்பது ஆண்டுத் துணையின் படுக்கையருகே. ஆனால் அது வந்த வேகத்தில் போய்விடுகிறது, ஆஸ்பத்திரிக் காட்சியாக நீளவில்லை. மற்ற இரண்டிலும் யாரும் சாகவே இல்லை. பிள்ளைகள் வளர்கிறார்கள், அவ்வளவுதான்.

அப்புறம் காலத் தாவல். ‘ஆண்டுகள் உருண்டோடின’ என்று பாட்டிலேயே அறிவிக்காதீர்கள். பள்ளி வாசலில் நின்ற கார் அடுத்த சரணத்தில் புதுமணப்பெண்ணின் வீடாகிவிட்டால் கேட்கிறவருக்குப் புரிந்துவிடும். மூன்று, நான்கு நிமிடப் பாட்டுக்கு மூன்று காலகட்டம் போதும். பேரன் பேத்தி வரை இழுத்து நான்காவது சரணம் எழுதியிருந்தால், சரி, முதலில் வெட்ட வேண்டியது அதுதான்.